கயலின் டேபிள்களுக்கு ஒரு தனி இடம்

1

போன வாரம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தோம். வருடா வருடம் போவதுதான். அதே மாடிப்படி, அதே நீளமான பெஞ்சு, வெள்ளைப் பின்னணியில் எடுத்த அதே மாதிரிப் புகைப்படம். கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி பர்மிய மொழியில், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். மூன்று என்றேன். பக்கத்தில் நின்ற சரசு அவரிடம் உடனே, "இல்லை, இரண்டு பேர்தான்" என்று திருத்தினாள்.

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பார். யாங்கூனில் வெளிநாட்டுக்காரனுக்கு இந்த ஒரு சலுகை எப்போதும் உண்டு. என்ன உளறினாலும் மொழி தெரியாததால் என்று விட்டுவிடுவார்கள்.

சரசு என் மனைவி. இந்த ஊரிலேயே தாகேதாவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய பாட்டனார் காலத்தில் ரயில்வே வேலைக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் சரசு, காகிதத்தில் டோ தீதா. பெரியவர்களுக்கு டோ, இளம் பெண்களுக்கு மா என்று இங்கே பெயருக்கு முன்னால் மரியாதைக்குச் சேர்ப்பார்கள். நான் திருச்சிக்காரன், இங்கே வேலைக்கு வந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டவன். எங்களுக்கு ஒரே பெண். நான் வைத்த பெயர் கயல்விழி. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்ல முடியாமல் கே கைன் என்று ஆக்கினார்கள். பிறகு அதுவே எல்லாக் காகிதங்களிலும் ஏறிவிட்டது. என்னைத் தவிர அவளைக் கயல் என்று கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை.

அவள் இப்போது பாங்காக்கில் இருக்கிறாள். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள், "பொண்ணு தாய்லாந்துல நல்ல வேலையாமே!" என்று சந்தோஷமாகக் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனில் அதற்குப் பொறுமை இருப்பதில்லை.

2

பசுந்தாங்கில், கால்வாயை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் அலுவலகம். நகரம் முழுவதும் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் நடத்தும் நிறுவனம். அதன் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகள், பரிசோதனைகள், முடிவுகள், கட்டணங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டேபிள், அதாவது அட்டவணை. இந்த டேபிள்கள் எல்லாம் கணினியின் வட்டில், அந்த டிஸ்க்கில், எங்காவது உட்கார வேண்டும் அல்லவா? அப்படி அவை உட்காரும் சேமிப்பிடத்துக்கு எங்கள் தொழிலில் டேபிள்ஸ்பேஸ் என்று பெயர். நான் சேர்ந்தபோது எல்லா டேபிளும் ஒரே இடத்தில்தான் இருந்தன. அன்றைக்கு ஒரே ஒரு அப்ளிகேஷன். அதனால் அது போதுமாக இருந்தது.

பிறகு புதிய அப்ளிகேஷன்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முடிவுகளை போனில் அனுப்ப ஒன்று. மிங்கலாடோன் கிளைக்கென்று ஒன்று. வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கும் நர்ஸுகளுக்காக 'ஹோம் விசிட்' என்று ஒன்று. எல்லாம் வந்து அந்த ஒரே இடத்திலேயே உட்கார்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வட்டு இறக்குமதி சிரமம், பிறகு பார்க்கலாம் என்பார்கள்.

ஒருமுறை எங்கள் மேலாளர் டோ நிலார், "சயா, நீங்கள் கேட்பது என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்" என்றார். சயா என்பது இங்கே மரியாதைப் பேச்சு, சார் என்பது போல. கூட்டத்தில் எழுந்து நின்று பர்மிய மொழியில் விளக்கினேன். அட்டவணைக்கு ஸயா, சாப்பாட்டு மேசைக்கும் எழுதும் மேசைக்கும் ஸபுவே. நான் பேச்சு முழுக்க ஸபுவே, ஸபுவே என்றே சொல்லியிருக்கிறேன். மேசைகள் எல்லாம் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன, தனித்தனி அறைகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உருக்கமாகப் பேசி உட்கார்ந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் மேசையை இரண்டு பேர் தூக்கி ஸ்டோர் ரூமுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கூட இல்லாத அறை. "நல்ல அமைதியான இடம், சயா" என்றார் டோ நிலார்.

கயல் அப்போதுதான் கல்லூரி முடித்து அதே அலுவலகத்தில் புரோகிராமராகச் சேர்ந்திருந்தாள். ஹோம் விசிட் அவள் எழுதியது. மேசைக் கதையை வீட்டில் அம்மாவிடம் பர்மிய மொழியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர்கள் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மீதியை அவர்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்போதும் இப்படித்தான்.

3

டோ நிலாரை மாற்றியது என் பேச்சு இல்லை.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். பரிசோதனை இயந்திரங்கள் தாமாக எழுதித் தள்ளும் குறிப்புகளுக்கென்று ஒரு டேபிள் உண்டு. யாரும் திறந்துகூடப் பார்க்காத டேபிள். அது ஊதிக்கொண்டே போய், இருந்த இடம் முழுவதையும் தின்றுவிட்டது. இடம் நிரம்பியதும் அதில் உட்கார்ந்திருந்த எதிலும் புதிதாக ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ஹோம் விசிட்டும் நின்றது.

அந்த நேரம் ஒரு நர்ஸ் தாகேதாவில் ஒரு வீட்டில் வயதான அம்மாவுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, குழாயில் ஒட்ட வேண்டிய எண்ணுக்காகக் காத்திருந்தாள். எண் வரவில்லை. எண் இல்லாத குழாயை லேபில் வாங்க மாட்டார்கள். வெயிலில் காத்திருந்து ரத்தம் கெட்டுப்போனது. அந்த அம்மாவுக்கு நரம்பு கிடைப்பதே கஷ்டமாம். மறுபடியும் குத்த வேண்டும் என்றதும் அழுதிருக்கிறார்.

கயல் மதியமே நர்ஸுடன் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். வந்தவள் நேராக என் அறைக்குள் நுழைந்தாள்.

"அப்பா, அந்த மெஷின் குப்பையும் என் டேபிளும் ஏன் ஒரே இடத்துல இருக்கு?"

"நான் எத்தனை தடவை கேட்டேன், உனக்குத் தெரியாதாம்மா?"

"கேட்டா மட்டும் போதுமா? வாங்க." என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டோ நிலாரின் அறைக்குப் போனாள். அந்த அம்மாவின் கையில் இருந்த நீலக் கன்றலைப் போனில் படமெடுத்து வந்திருந்தாள். படத்தை மேசைமேல் வைத்தாள். அதிகம் பேசவில்லை. புதிய வட்டுகளுக்கு அன்றைக்கே ஒப்புதல் கிடைத்தது.

அடுத்து வந்த மாதங்களைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இந்த ஊரில் நான் வாழ்ந்த காலத்திலேயே நல்ல காலம் அதுதான். அவள் நாற்காலியை என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எந்த டேபிள் எந்த அப்ளிகேஷனுக்குச் சொந்தம் என்று இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி இடம் உண்டாக்கினோம். ஒன்று ஊதினால் இன்னொன்றைத் தொடாதபடி அளவு வைத்தோம். தேடுவதற்கான இன்டெக்ஸுகளை வேறொரு வட்டில் வைத்தோம். மின்சாரம் போய்விட்டால் ஜெனரேட்டர் தொடங்கும் வரை சும்மா உட்கார்ந்து கீழே கால்வாயில் போகும் படகுகளைப் பார்ப்போம். அப்போதெல்லாம் அவள் தமிழில் பேசினாள். பர்மியச் சொற்களையும் ஆங்கிலத்தையும் கலந்த உடைந்த தமிழ். ஆனாலும் என்னோடு பேசுவதற்காகப் பேசிய தமிழ்.

அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள்.

"அப்பா, ஹோம் விசிட் இடத்தை மட்டும் தனியாத் தூக்கி வேற கம்ப்யூட்டர்ல வைக்க முடியுமா?"

"முடியும். ஆனா அதுல இருக்கற எதுவும் வெளியில இருக்கற டேபிளை நம்பி இருக்கக் கூடாது."

"இப்ப நம்பி இருக்கா?"

"இருக்கே. நோயாளி விவரம் பழைய இடத்துலதானே இருக்கு."

"அப்ப வேணுங்கற விவரத்தை மட்டும் எங்க பக்கமே ஒரு காப்பி வெச்சுக்கறோம்."

இவ்வளவு முன்யோசனையா என்று எனக்கு ஒரே பெருமை. வேறு வட்டில் வைத்திருந்த ஹோம் விசிட்டின் இன்டெக்ஸுகளையும் அவள் அதே கட்டுக்குள் கொண்டுவந்தாள். வெளியே ஒட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு இழையையும் நான்தான் பொறுமையாக அவிழ்த்துக் கொடுத்தேன். அந்த இடம் தன்னிறைவானதுதானா என்று பார்க்கும் சோதனையை ஓட்டியபோது ஒரு குறையும் வரவில்லை. வீட்டுக்குப் போகும் பேருந்தில் பாலத்தைத் தாண்டும்போது, "இனிமே உன் டேபிள் பூமியில எங்க வேணாலும் போய் வாழும்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூக்கம் வருகிறது போல என்று நினைத்தேன்.

4

டோ நிலார் எங்களைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பாராட்டினார். தேநீரும் சமோசாவும் வந்தன. அவர் பேசியதைப் புரிந்துகொள்ள இந்த முறை ரொம்பக் கவனமாகக் கேட்டேன். புரிந்தது. "மா கே பாங்காக் போகும்போது ஹோம் விசிட்டும் கூடவே போகிறது. அங்கே நம் கிளை முதல் நாளிலேயே ஓடத் தொடங்கும். சயா அப்படிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்."

எல்லோரும் கை தட்டினார்கள். கயல் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் கை தட்டினேன். என்ன செய்வது என்று தெரியாமல், பாராட்டு வாங்குகிறவனைப் போலச் சிரித்துக்கொண்டும் இருந்தேன்.

யாங்கூனிலிருந்து போனவர்கள் பாங்காக்கில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காக முதலாளி அங்கே கிளை திறக்கிறார் என்பது எனக்கும் தெரியும். அதற்கு யார் போகிறார்கள் என்பதுதான் தெரியாது. அலுவலகத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சரசுவுக்கும் தெரிந்திருந்தது.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நானே ஆரம்பித்தேன்.

"எப்பம்மா முடிவாச்சு?"

கயல் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொஞ்ச நாளாச்சுப்பா. நாங்க பாங்காக் போறோம்" என்றாள்.

"யாரு? நாம எல்லாருமா?"

அவள் குழம்பிப்போய் அம்மாவைப் பார்த்தாள். நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியாது. பர்மிய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சின்ன வயதில் உட்கார்த்திவைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் வந்திருக்கும். அந்த நேரமெல்லாம் எனக்கு அலுவலகத்தில் போய்விட்டது.

"ஆபீசுல இருந்து மூணு பேரு போறாங்க. அதச் சொல்லுது பொண்ணு" என்றாள் சரசு. "ரெண்டு வருஷந்தாங்க. காண்ட்ராக்ட்டு."

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"ஒங்ககிட்ட சொல்ல அதுக்கு ஆநாதே. எனக்கும் ஆநாதே."

இந்த ஊருக்கு வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு அநாதை என்றுதான் காதில் விழும். கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், அலுவலகத்துப் பெண்கள் என்று எல்லோரும் ஏன் தங்களை அநாதை அநாதை என்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று திகைத்திருக்கிறேன். மற்றவர் மனம் சங்கடப்படுமே என்று ஒன்றைச் சொல்லாமலும் கேட்காமலும் தயங்கி நிற்பதுதான் ஆநாதே. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கோபம் வரும் என்று இருவரும் பயந்திருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன. அவள் தங்கிவிடுவதற்கு வீடு கட்டுகிறோம் என்ற நினைப்பில் நான் அந்த வேலையைச் செய்திருந்தேன். குழம்பு ஊற்றட்டுமா என்று சரசு கேட்டாள். ஊற்று என்றேன்.

5

நான் யாங்கூனுக்குக் கிளம்பியபோதும் இரண்டு வருடம்தான். திருச்சியில் ஒரு டிபன் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாம்பார் வாசனைக்கு நடுவே தரவுத்தளப் பாடம். தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த வேலை வந்தது. அப்பா ஜங்ஷனுக்கு வந்து பெட்டியை ஏற்றிவிட்டார். "ரெண்டு வருஷந்தானேடா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஆமாம்ப்பா என்றேன். அது பொய் இல்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன். பிறகு வேலை நீண்டது, சரசு வந்தாள், கயல் பிறந்தாள். எப்போது வருகிறாய் என்று அப்பா கேட்பதை நிறுத்தியது எந்த வருடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் இல்லாமல் போன பிறகுதான் அவர் கேட்காமல் இருந்ததையே கவனித்தேன்.

6

ஹோம் விசிட்டை அனுப்பும் வேலையையும் நான்தான் செய்தேன். வேறு யாரிடமும் விட மனமில்லை. அவளோடு அதுவும் போவதால் யாங்கூனில் அந்தச் சேவையை நிறுத்திவைத்தார்கள். அந்த இடத்தை, இனி யாரும் அதில் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் என்று பூட்டினோம். கோப்புகளை நகலெடுத்தோம். பாங்காக்கில் இருந்த கணினியில் அவற்றைச் சேர்த்ததும் டேபிள்கள் ஒன்று விடாமல் எழுந்து உட்கார்ந்தன. அங்கிருந்து வந்த செய்தியைக் கயல் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அவள் இரண்டு வருடத்தில் திரும்பியதும் யாங்கூனில் அந்தச் சேவையை மறுபடி தொடங்கலாம், அதுவரை இங்கே உள்ள இடம் அப்படியே இருக்கட்டும் என்றார் டோ நிலார். அதைக் கேட்டு எனக்கு ரொம்ப நிம்மதி.

மிங்கலாடோனில் விமான நிலையத்துக்கு வெளியே ஒரே கூட்டம். எங்கே பார்த்தாலும் இருபது வயதுப் பிள்ளைகளும் அவர்களை வழியனுப்ப வந்த பெற்றோர்களும். கயல் முதலில் என்னிடம் வந்தாள். "பிரஷர் மாத்திரை மறக்காதீங்கப்பா" என்றாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருவரும் பர்மிய மொழியில் பேசிக்கொண்டார்கள், வழக்கம்போல வேகமாக, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

வழக்கமாகப் பாதி புரியும். அன்று முழுவதும் புரிந்தது. அங்கேயே வேலை மாற்றிக்கொண்டு தங்கிவிடப் பார்க்கிறேன், இரண்டு வருடம் முடிந்தாலும் வர மாட்டேன், நீயும் அழுது என்னைக் கூப்பிடாதே என்றாள். கடைசியாக, "அஃபே கோ மபியோ நே நோ" என்றாள். அப்பாகிட்ட சொல்லிடாதே.

சரசு தலையை ஆட்டினாள்.

அவள் கண்ணாடிக் கதவுக்குள் போய் மறைந்த பிறகு, "என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

சரசு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லீங்க. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லிச்சு."

"சரி" என்றேன்.

7

மழை ஓய்ந்த பிறகு, நோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்க இன்னொரு அப்ளிகேஷன் வேண்டும் என்றார்கள். அதற்கும் தனி இடம் வேண்டும். புதிய வட்டு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. டோ நிலார் தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தார்.

"சயா, ஹோம் விசிட் இடம் சும்மாத்தான் இருக்கிறது. ஆனால் மா கே வந்தால் வேண்டியிருக்குமே. அதனால் உங்களைக் கேட்டுக்கொண்டு..."

"எடுத்துக்கொள்ளலாம்" என்றேன்.

"அவள் வந்தால்?"

"எடுத்துக்கொள்ளலாம்."

பாங்காக்கில் எல்லாம் சரியாக இருக்கிறது, நகலும் பத்திரமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அந்த இடத்தை நீக்கினேன். கட்டளை ஒரே வரிதான். நீக்கிய சில நொடிகளில் வட்டு காலி என்று காட்டியது. அதில் டோக்கனுக்கு இடம் உண்டாக்கிப் பெயர் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, வேலை நேரத்தில் கயல் கூப்பிட்டாள். பழைய டேபிள் ஒன்றின் அமைப்பைப் பார்ப்பதற்காக எங்கள் தரவுத்தளத்துக்குள் நுழைந்திருக்கிறாள்.

"அப்பா, ஹோம் விசிட் இடத்தைக் காணோமே?"

"டோக்கனுக்குக் குடுத்துட்டேன்மா. இங்க டிஸ்க் கெடைக்கலே."

"அழிச்சிட்டீங்களா?"

"உங்கிட்டதான் எல்லாம் இருக்கே."

"இருக்கு. ஆனா நான் திரும்பி வர்றப்ப..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அங்கே யாரோ தாய் மொழியில் பேசிக்கொண்டே கடந்து போவது கேட்டது. பிறகு, சின்னக் குழந்தையாக இருந்தபோது கேட்பது போல, மெதுவாக, "அஃபே, தி லா?" என்றாள். அப்பா, தெரியுமா?

நான் அவளிடம் பர்மிய மொழியில் பேசுவதே இல்லை. பேசினால் தமிழ் அடியோடு போய்விடும் என்று அவள் பிறந்ததிலிருந்து பிடிவாதமாக இருந்தேன். அன்று, "தி தே" என்றேன். தெரியும்.

அவள் அழுகிறாள் என்று புரிந்தது. அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு தமிழில் சொன்னாள்: "அப்பா, உங்களுக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அவங்க ரொம்பக் கஷ்டப்படுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. கயல் எப்போது வருவாள் என்று யாராவது கேட்டால் சரசு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "காண்ட்ராக்ட்டு முடிஞ்சதும் வந்துரும்" என்கிறாள். நானும் ஆமாம் என்கிறேன். சரசுவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை எழுத முடிவது அதனால்தான்.